கடலடிச் சேறும் ஆக்சிஜனின் காலக் கணக்கும்

மதீரா தீவுகளுக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 5,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பரந்த சமவெளி இருக்கிறது. சுமார் 1,40,000 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரச் சரிவிலிருந்து பெருமளவு சேறு பெயர்ந்து, நீருக்கடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து இங்கே படிந்தது. ஓடிவந்த வேகத்தில் நன்றாகக் கலந்துவிட்டதால் அந்தப் படிவு முழுவதும் ஒரே சேறாக, ஒரே அளவு கரிமப் பொருளோடு இருந்தது. இன்று ஆய்வுக் கப்பலிலிருந்து குழாயை இறக்கி அதை வெட்டியெடுத்தால் குழாய்க்குள் இரண்டு நிறங்கள் தெரிகின்றன. அடியில் பச்சை சாயலுள்ள சேறு. அதன்மேல் ஏறத்தாழ அரை மீட்டருக்கு வெளிறிய சேறு. பச்சைச் சேற்றின் எடையில் சுமார் 1 சதவீதம் கரிமக் கார்பன். வெளிறிய சேற்றில் அது 0.2 சதவீதம்தான். காற்றிலும் ஆற்றிலும் வந்த மகரந்தத் துகள்கள் கீழே ஏராளம். மேலே அவை அநேகமாக இல்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் ஆக்சிஜன். புதிய படிவுகள் வந்து மூடும்வரை, ஏறத்தாழ 10,000 ஆண்டுகள், மேலிருந்த கடல்நீரின் ஆக்சிஜன் இந்தச் சேற்றுக்குள் மெல்லக் கசிந்து இறங்கியது. அது எட்டிய ஆழம்வரை கரிமப் பொருளில் ஐந்தில் நான்கு பங்கு சிதைந்துபோனது. எட்டாத பகுதியில் கதை வேறு. அங்கே சேற்றின் துளைநீரில் சல்ஃபேட் இருந்தது. சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அவகாசமும் இருந்தது. அப்படியிருந்தும் கரிமப் பொருள் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. எந்த ஆய்வகத்திலும் நடத்த முடியாத ஒரு சோதனையை இயற்கையே நடத்தி முடித்து, விடையையும் பத்திரமாக வைத்திருக்கிறது.

கடலடிப் படிவில் எவ்வளவு கரிமப் பொருள் தங்கும், எவ்வளவு மீண்டும் கார்பன் டை ஆக்சைடாக மாறும் என்பது கடலியலாளர்களும் புவி வேதியியலாளர்களும் பல பத்தாண்டுகளாக வாதிட்டுவரும் கேள்வி. கடலின் மேற்பரப்பில் வாழும் தாவர மிதவையுயிரிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி டன் கார்பனை ஒளிச்சேர்க்கையால் உடலாக்குகின்றன. அதில் பெரும்பகுதி மேல்நீரிலேயே தின்னப்பட்டுவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி இறங்கும் வழியில் கரைகிறது. அடிக்கு வந்து சேர்வதும் சேற்றில் சிதைந்து, கடைசியில் நிரந்தரமாகப் புதைவது ஏறத்தாழ 16 கோடி டன். ஆயிரத்தில் மூன்று பங்கு.

அளவில் சிறியதானாலும் இந்த மிச்சத்தின் விளைவு பெரிது. கரிமப் பொருள் சிதையும்போது அதை உருவாக்கிய ஒளிச்சேர்க்கை வெளிவிட்ட ஆக்சிஜன் திரும்பச் செலவாகிவிடுகிறது. சிதையாமல் புதைந்தால் அந்த ஆக்சிஜன் காற்றில் தங்கிவிடுகிறது. இன்று நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதற்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலடியில் புதைந்துவந்த இந்தக் கார்பன் ஒரு முதன்மைக் காரணம். பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் பெரும்பாலும் அதே புதையலிலிருந்து வந்தவை.

சுவாசத்தின் படிக்கட்டு

கரைக்கு அருகிலுள்ள சேற்றில் ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1980 வாக்கில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக்கும் போ பார்க்கர் யோர்கன்சனும், முனை மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடி மின்முனைகளைச் சேற்றுக்குள் இறக்கி அளக்கத் தொடங்கினார்கள். கடலோரச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடுவது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. உணவு மிக அரிதாக இறங்கும் தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் நிலைமை நேரெதிர். அங்கே பல பத்து மீட்டர் தடிமனுள்ள படிவு முழுவதிலும், அடிப்பாறைவரை ஆக்சிஜன் இருக்கிறது. தின்ன ஆளில்லை என்பதல்ல, தின்ன எதுவும் இல்லை என்பதே காரணம்.

ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் உயிர் நின்றுவிடுவதில்லை. பாக்டீரியாக்கள் அடுத்து நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. பிறகு மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள், அதன்பின் சல்ஃபேட், எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன் உற்பத்தி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. ஆனால் கடல்நீரில் சல்ஃபேட் ஆக்சிஜனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு இருக்கிறது. டென்மார்க்கின் லிம் கடற்கழியில் யோர்கன்சன் 1977-இல் வெளியிட்ட கணக்குப்படி, சேற்றில் சிதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழப் பாதி சல்ஃபேட் வழியாகவே சிதைகிறது. சேற்றை வாரினால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அந்தச் செயலின் விளைபொருளான ஹைட்ரஜன் சல்ஃபைடால்தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஆக்சிஜன் இல்லாமலே பாதி வேலை நடக்கும் என்றால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கரிமப் பொருள் அதிகம் தங்கும் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு அணிகள்

ஜெரார்ட் டெமெய்சனும் ஜார்ஜ் மூரும் 1980-இல் எழுதிய கட்டுரை பெட்ரோலிய நிலவியலாளர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர்கள் கருத்தில், எண்ணெய் தரும் கரும்பாறைகள் ஆக்சிஜனற்ற நீருக்கடியில் உருவானவை. கருங்கடல் அவர்களுக்குக் கண்கண்ட சான்று. பொஸ்போரஸ் வழியாக வரும் உப்பு மிகுந்த கனநீர் அடியில் தேங்க, ஆறுகளின் நன்னீர் மேலே மிதக்கிறது, இரண்டும் கலப்பதில்லை. சுமார் 100 முதல் 150 மீட்டருக்குக் கீழே, மொத்த நீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தில், ஆக்சிஜன் இல்லை. அதன் அடியில் கரிமம் செறிந்த கருஞ்சேறு கிடக்கிறது.

தாமஸ் பெடர்சனும் ஸ்டீபன் கால்வர்ட்டும் 1990-இல் இதை நேருக்குநேர் மறுத்தார்கள். மேற்பரப்பில் உற்பத்தி அதிகமாக இருக்கும் இடத்தில் அடியில் கரிமம் சேர்கிறது, அவ்வளவே; ஆக்சிஜன் குறைவது அந்த மிகை உற்பத்தியின் விளைவு, சேர்க்கைக்குக் காரணமன்று என்றார்கள்.

இந்த வழக்கின் ஒரு சுற்று அரபிக்கடலில் நடந்தது. 1933-34-இல் சீமோர் சூவல் தலைமையில் எகிப்தின் மபாஹிஸ் கப்பலில் சென்ற ஜான் முர்ரே ஆய்வுப் பயணம், அரபிக்கடலின் இடை ஆழங்களில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பதையும் அந்த ஆழங்களில் கடலடி விலங்குகள் அருகியிருப்பதையும் பதிவு செய்திருந்தது. ஏறத்தாழ 150 முதல் 1,200 மீட்டர்வரை நீளும் இந்த அடுக்கு, இந்தியாவின் மேற்குக் கடலோரச் சரிவை உரசிச் செல்கிறது. அந்தச் சரிவில் கரிமக் கார்பன் செறிவு உச்சத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைவு காத்துவைத்ததுதான் இது என்று கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த பரோப்கரியும் அவரது குழுவினரும் 1992-இல் எழுதினார்கள். 1995-இல் கால்வர்ட், பெடர்சன் உள்ளிட்ட குழு அதை மறுத்தது. மேலிருந்து விழும் உணவின் அளவும், சேற்றுத் துகள்களின் நுண்மையும், நீரோட்டம் நுண்சேற்றை அரித்துச் செல்லும் இடங்களும் சேர்ந்தே அந்த உச்சத்தை விளக்கிவிடும் என்பது அவர்கள் வாதம்.

ஒரே சரிவு, ஒரே மாதிரியான அளவீடுகள், இருவேறு தீர்ப்பு. கேள்வியையே மாற்றிக் கேட்டால்தான் முன்னே போக முடியும் என்ற நிலை.

எவ்வளவு என்பதல்ல, எவ்வளவு காலம்

மாற்றத்துக்கான ஒரு திறவுகோல் 1995-இல் எரிக் கிறிஸ்டென்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில் கிடைத்தது. புதிய பாசியைச் சேற்றில் கலந்து, ஆக்சிஜனோடும் இல்லாமலும் வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சிதைந்தன. ஆனால் ஏற்கெனவே பழையதான, எளிய பகுதிகள் தின்னப்பட்டுவிட்ட பொருளில் ஆக்சிஜன் இருந்த பக்கம் பல மடங்கு வேகமாகச் சிதைந்தது.

காரணம் நொதிகளில் இருக்கிறது. சர்க்கரைகளையும் புரதங்களையும் நீரைச் சேர்த்தே வெட்டிவிடலாம். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. மரத்தின் லிக்னின், மகரந்தத்தின் வெளியுறை, சில கொழுப்புகள், நிறமிகள் போன்ற முறுக்கான மூலக்கூறுகளை உடைக்கும் நொதிகள் பலவும் ஆக்சிஜனையோ அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் பெராக்சைடையோ ஆயுதமாகக் கொண்டவை. அவை இல்லாதபோது இந்தப் பொருள்கள் மிக மிக மெதுவாகவே கரைகின்றன. கடலடியில் கடைசிவரை தங்குவது பெரும்பாலும் இத்தகைய பழஞ்சரக்கு. அதனால் ஆக்சிஜனின் வலிமை முதல் நாளில் தெரியாது. நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டுக் கணக்கில்தான் தெரியும்.

இந்தக் காலக் கணக்கை எண்ணாக்கிக் காட்டியவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹிலரி ஹார்ட்நெட், ரிச்சர்ட் கீல், ஜான் ஹெட்ஜஸ், ஆலன் டெவல் ஆகியோர். 1998-இல் நேச்சர் இதழில் வந்த அவர்களது கட்டுரையின் அடிப்படை மிக எளிது. சேற்றில் ஆக்சிஜன் இறங்கும் ஆழத்தைச் சேறு படியும் வேகத்தால் வகுத்தால், ஒரு துகள் எத்தனை ஆண்டுகள் ஆக்சிஜனில் கிடக்கிறது என்பது கிடைக்கும். ஆக்சிஜன் 5 மில்லிமீட்டர் இறங்கி, சேறு ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் படிந்தால் ஐந்தே ஆண்டு. 3 சென்டிமீட்டர் இறங்கி, சேறு நூறு ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் படிந்தால் 3,000 ஆண்டு. ஆக்சிஜன் நிறைந்த வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தையும், ஆக்சிஜன் வறண்ட மெக்சிகோவின் வடமேற்குக் கடலோரத்தையும் இந்த அளவுகோலில் வைத்தபோது இரண்டும் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஆக்சிஜனில் கிடந்த காலம் கூடக்கூட, புதைந்து தங்கும் பங்கு குறைந்தது.

பழைய விவாதத்தின் இரு அணியும் ஏன் பாதி சரியாக இருந்தன என்பது இதில் விளங்குகிறது. சேறு வேகமாகப் படியும் ஆற்று முகத்துவாரத்தில், மேலே ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் கரிமம் தப்பிவிடும். மெதுவாகப் படியும் ஆழ்கடலில் சிறிதளவு ஆக்சிஜனே எல்லாவற்றையும் தீர்த்துவிடும்.

இதற்குத் தமிழகக் கரையையும் தொடும் வங்கக் கடலே மாபெரும் எடுத்துக்காட்டு. இமயமலை அரிப்பிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் வண்டல், உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறியாக வங்கக் கடலின் அடியில் பரந்திருக்கிறது. வாலியே காலியும் உடனாய்வாளர்களும் 2007-இல் அந்த வண்டலை ஆற்று வண்டலோடு ஒப்பிட்டார்கள். ஆறுகள் கொண்டுவந்த நிலத்துக் கரிமம் கடலில் ஏறக்குறைய முழுவதுமாகப் புதைந்திருந்தது. வேகமான படிவும், வங்கக் கடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்பது அவர்கள் முடிவு. உலகக் கடல்களில் புதையும் நிலத்துக் கரிமத்தில் 10 முதல் 20 சதவீதம் இந்த ஓரிடத்திலேயே அடங்குகிறது என்றும் கணக்கிட்டார்கள்.

அமேசான் முகத்துவாரம் இதன் மறுபக்கம். அங்கும் வண்டல் ஏராளம். ஆனால் அலையும் ஓதமும் அந்தச் சேற்றை அடிக்கடி கிளறித் தூக்கி, மீண்டும் மீண்டும் ஆக்சிஜனில் நனைத்துவிடுகின்றன. அதனால் வங்கக் கடலைப்போல் அங்கே கரிமம் தங்குவதில்லை. இப்படி அலைக்கழியும் சேற்றை எரிஉலைக்கு ஒப்பிட்டு எழுதினார் ராபர்ட் ஆலர்.

புழுக்களின் பங்கு

ஆக்சிஜன் வெறும் வேதிப்பொருளாக மட்டும் சேற்றுக்குள் நுழைவதில்லை. அதோடு விலங்குகளும் வருகின்றன. புழு, நண்டு, சிப்பி ஆகியவை சேற்றைத் தின்று, துளைத்து, குழாய் கட்டி, நீரை உள்ளே இறைக்கின்றன. உலகக் கடலடியில் இவை கலக்கும் அடுக்கு சராசரியாக 10 சென்டிமீட்டர் ஆழம். ஆக்சிஜன் எட்டாத இடத்தில் புதைந்த துகளைக்கூட ஒரு புழு மீண்டும் மேலே கொண்டுவந்து போட்டுவிடும்.

விலங்குகள் இல்லாதபோது என்ன தங்கும் என்பதற்குக் கருங்கடலில் மரக்கப்பல்கள் சாட்சி. ஏறத்தாழ 2,400 ஆண்டு பழைய கிரேக்கக் கப்பலொன்று இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே பாய்மரத்தோடும் சுக்கான்களோடும் துடுப்பு வலிப்போர் பலகைகளோடும் கிடப்பதை 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவால் அங்கே வாழ முடியாது.

பாகிஸ்தான் கடலோரச் சரிவில் 2003-இல் நடந்த சோதனை இதை நுணுக்கமாகக் காட்டியது. கனமான கார்பன் அணுவால் அடையாளமிட்ட பாசியைக் கடலடிச் சேற்றின்மீது தூவி, சில நாள் கழித்து அந்தக் கார்பன் யாருடைய உடலில் இருக்கிறது என்று கிளேர் வுட்ஸும் குழுவினரும் பார்த்தார்கள். லிட்டருக்கு 5 முதல் 7 மைக்ரோமோல் ஆக்சிஜன் என்பது அங்கே எல்லைக்கோடாக இருந்தது. ஆக்சிஜன் நிறைந்த கடல்நீரில் ஏறத்தாழ 250 மைக்ரோமோல் இருக்கும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சொற்பம் என்று புரியும். அதற்குக் கீழே ஃபோராமினிஃபெரா என்னும் ஓட்டுடைய ஒருசெல் உயிர்கள் உணவை எடுத்துக்கொண்டன. அதற்கு மேலே சென்றதும் புழுக்கள் பந்தியைக் கைப்பற்றிவிட்டன. 940 மீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு புழு இனம் பெரும்பங்கை உண்டிருந்தது.

மேக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தின் கெர்ட்ஹார்ட் யெஸனும் ஆன்ட்யே போயட்டியஸும் உள்ளிட்ட குழு, 2010-இல் மரியா எஸ். மேரியன் கப்பலில் கிரிமியாவின் வடமேற்குக் கடலோரத்துக்குச் சென்றது. அங்கே கருங்கடலின் ஆக்சிஜன் எல்லை கடலடியைத் தொடுகிறது. மேலும் கீழும் அசைகிறது. அதனால் சில கிலோமீட்டருக்குள்ளேயே 170 மைக்ரோமோலிலிருந்து பூஜ்யம்வரை எல்லா நிலையும் கிடைக்கிறது. மேலிருந்து விழும் உணவோ ஏறக்குறைய ஒன்றே. 2017-இல் வெளியான முடிவுகளின்படி, ஆக்சிஜன் குறைந்த நீருக்கடியிலிருந்த மேற்சேற்றில் 50 சதவீதம் கூடுதல் கரிமப் பொருள் தங்கியிருந்தது. பாசி நிறமிகள் மூன்று மடங்கு. விலங்குகளின் கிளறல் குறைந்திருந்தது. பாக்டீரியாக் கூட்டமும் மாறியிருந்தது. ஆக்சிஜன் முற்றிலும் போகவேண்டியதில்லை. சில நாள் குறைந்தாலே சிதைவு மந்தப்பட்டுவிடுகிறது என்பதுதான் இதில் புதிது.

ஆக்சிஜன் எப்போதும் அழிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆக்சிஜன் இருக்கும்போது உருவாகும் துருபோன்ற இரும்புத் தாதுக்கள் கரிம மூலக்கூறுகளைத் தம்மோடு கட்டிவைத்துக்கொள்கின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த படிவுகளை ஆராய்ந்த கரீன் லலோண்டும் குழுவினரும் 2012-இல் கண்டது, படிவுக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி இரும்போடு பிணைந்திருக்கிறது என்பது. களிமண் துகள்களின் பரப்பும் இதே காவலைச் செய்கிறது.

மூச்சுத் திணறும் கடல்

1960-க்குப் பின்னான அரை நூற்றாண்டில் உலகக் கடல்கள் தங்கள் ஆக்சிஜனில் ஏறத்தாழ 2 சதவீதத்தை இழந்துவிட்டதாக ஷ்மிட்கோவும் உடனாய்வாளர்களும் 2017-இல் கணக்கிட்டார்கள். நீர் சூடானால் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது. மேல்நீரும் அடிநீரும் கலப்பதும் குறைகிறது. கடலோரங்களில் உரமும் கழிவுநீரும் வேறு சேர்கின்றன. பால்டிக் கடலில் ஆக்சிஜன் வறண்ட பரப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். அண்மைக் காலத்தில் 60,000-க்கும் மேல்.

ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் கூடுதலாகப் புதையும். அது வெப்பமயமாதலுக்கு மாற்று என்று இதைப் படித்துக்கொள்வது பெரும் தவறு. ஆக்சிஜன் போகும்போது இரும்போடு கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் சேற்றிலிருந்து விடுபட்டு நீருக்குத் திரும்புகிறது. அது மேலே இன்னும் பாசியை வளர்க்கிறது. பாசி மடிந்து இறங்கி இன்னும் ஆக்சிஜனைத் தின்கிறது. பால்டிக்கை மீட்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இந்தச் சுழல் ஒரு முதன்மைக் காரணம். 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்களின் பெரும் பரப்பில் ஆக்சிஜன் வறண்டு, கரும்பாறைகள் படிந்த காலத்திலும் இதே சுழல் இயங்கியது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் புதைப்பு காற்றிலிருந்த கார்பனைக் குறைத்ததும் உண்மை. ஆனால் அதற்கு எடுத்துக்கொண்டது லட்சக்கணக்கான ஆண்டுகள். விலையாகப் போனது எண்ணற்ற கடல் உயிரினங்கள்.

ஆக்சிஜனற்ற கடற்படுகைகளில் மரக்கழிவையும் பயிர்க்கழிவையும் மூழ்கடித்துக் கார்பனைப் பூட்டிவைக்கலாம் என்ற யோசனைகளும் இப்போது எழுந்துள்ளன. அவற்றை மதிப்பிடும்போது, படுகை எத்தனை நூற்றாண்டு தேங்கியே கிடக்கும், இடையில் ஆக்சிஜன் திரும்பினால் எவ்வளவு சிதையும், சிதைவில் எவ்வளவு மீத்தேன் வரும் என்பதையெல்லாம் கேட்டாக வேண்டும். கிரிமியாவில் சில நாள் மாற்றமே சேற்றில் பதிந்ததென்றால், இந்தக் கேள்விகளைத் தள்ளிவைக்க முடியாது.

இந்தியாவுக்கு இது தூரத்துச் செய்தியன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குக் கடலோரத்தில் ஆக்சிஜன் வறண்ட அடிநீர் மேலேறி ஆழமற்ற பரப்புக்கு வந்துவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தோன்றுகிறது. இந்நிலை கடுமையாகிவருவதை நக்வியும் குழுவினரும் 2000-த்தில் நேச்சர் இதழில் எழுதினார்கள். கோவாவின் காண்டோலிம் கடலோரத்தில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து தேசிய கடலியல் நிறுவனம் நீரைத் தொடர்ந்து அளந்துவருகிறது. அதே ஒழுங்கோடு சேற்றையும் அளக்கவேண்டும்: பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, எந்தப் புழுக்கள் எஞ்சுகின்றன, எவ்வளவு பாசி நிறமி சிதையாமல் கிடக்கிறது என்று. மீனவர் வலைக்குக் கீழே நடக்கும் இந்த மாற்றம் அடுத்த ஆண்டின் மீன்வளத்தையும் நீண்டகாலக் கார்பன் கணக்கையும் ஒருசேரத் தொடுகிறது. இரண்டையும் ஒரே ஆய்வில் பார்க்கும் கருவிகளும் முறைகளும் நம்மிடம் இருக்கின்றன.